உயிரோடிருந்தவருக்கு ஒரு கல்வெட்டு

யாழ்ப்பாணத்தில் இருந்த வரைக்கும் சோதிலிங்கம் நூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கல்வெட்டு எழுதியவன். உளி எடுத்துக் கல்லில் வெட்டுகிற வேலை என்று நினைத்துவிடக் கூடாது. செத்தவரின் முப்பத்தோராம் நாளுக்கு வீட்டார் அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகத்துக்கு அங்கே அதுதான் பெயர். முன்பக்கத்தில் படம், உள்ளே குலப்பெருமை, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், எல்லாம் செய்யுளில். அதை ஒருவர் ராகம் போட்டு வாசித்து முடிக்கும் வரை சபையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் இருமலை அடக்கிக்கொண்டு இருக்கத்தான் வேண்டும்.

அச்சகத்துக்கு வந்து பெயரையும் ஊரையும் சொன்னால் போதும், சோதிலிங்கம் ஒரு பொழுதுக்குள் எழுதிக் கொடுத்துவிடுவான். இதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே ஆள்தான். பெருங்குடியில் பிறந்தவர், சைவநெறி வழுவாதவர், வந்தாரை வாழ வைத்தவர். கள்ளுத் தவறணையே கதியென்று கிடந்த ஒருவரையும் வந்தாரை வாழ வைத்தவர் என்றே எழுதினான். தவறணைக்காரர் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. எழுதியது அவன் என்றாலும் அடியில் போட்ட பெயர் அச்சக முதலாளியான பண்டிதருடையது. பண்டிதர் என்றால்தான் சனம் மதிக்கும் என்பார் முதலாளி. சோதிலிங்கம் தலையாட்டிவிட்டு வருவான். வீடு வந்து சேரும் மட்டும் வயிறு எரியும்.

எண்பத்தைந்தில் கிழக்கு பேர்லின் வழியாக ஜேர்மனிக்கு வந்தவனை, டார்ம்ஸ்டாட்டிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகிற ஒரு சிறு பட்டணத்தில் கொண்டுபோய் விட்டார்கள். மூடிக்கிடந்த பழைய விடுதியொன்றில் பதினாலு தமிழர். வேலை செய்யக் கூடாது, மாவட்ட எல்லை தாண்டக் கூடாது, செவ்வாய்க்கிழமை சாப்பாட்டுப் பொதி வரும், அன்ராக் என்கிற அகதி விண்ணப்பம் எந்த அரசாங்கக் கந்தோரிலோ நல்ல தூக்கத்தில் இருந்தது. இருந்தவர்கள் எல்லோரும் திடகாத்திரமான ஆட்கள் என்பதால் சாவும் இல்லை. ஒன்றரை வருடமாக ஒரு வெண்பாவுக்குக்கூட வழியில்லாமல் சோதிலிங்கத்துக்குக் கை நமநமத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வீடு தள்ளி ஹொர்ஸ்ட் வீகண்ட் என்ற வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். விடுதிச் சனத்துக்கு அவர் ‘தொப்பி அண்ணை’. மழையானாலும் பனியானாலும் மாடு மேய்க்கும் அமெரிக்கர்கள் போடுகிற அகலத் தொப்பி தலையில் இருக்கும். காலையில் கிற்றாரோடு படியில் இருந்து பாடுவார். யார் போனாலும் தொப்பியைத் தூக்குவார். அந்தப் பட்டணத்தில் தமிழருக்குத் தொப்பி தூக்கிய ஒரே மனிதர் அவர்தான் என்பதால் அவர்மேல் எல்லோருக்கும் ஒரு வாரப்பாடு.

எண்பத்தாறு ஒக்டோபரில் நாலு நாளாக அவருடைய பாட்டுச் சத்தம் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் பேக்கரிக்குப் போன றெஜினோல்ட் முகம் வெளிறித் திரும்பி வந்தான். கொழும்பில் ஆறு மாதம் ஜேர்மன் படித்த இந்த இருபத்துநாலு வயதுப் பெடியன்தான் விடுதிக்கு வாயும் காதும். எல்ஃப்ரீடே அம்மாவின் மதுக்கடைக் கண்ணாடியில் தொப்பி அண்ணையின் படம் ஒட்டியிருக்கிறதாம். சுற்றிவரத் தடித்த கறுப்புக் கரை. கீழே 1946 – 1986.

எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். படத்துக்கு மேலே ஒரு பெரிய சொல் இருந்தது. அது தன் பாடப்புத்தகத்தில் வராத சொல் என்றான் றெஜினோல்ட். சொல் எதற்கு? கறுப்புக் கரை, படம், இரண்டு வருடம். ஊரில் மதிலுக்கு மதில், லைட் போஸ்டுக்கு லைட் போஸ்ட் பார்த்த நோட்டீஸ் அது. அதற்கும் விளக்கம் சொல்ல ஒரு ஆள் வேண்டுமா? நாற்பது வயதுதானா, அறுபது மாதிரியல்லோ இருந்தார், குடிதான் ஆளை உருக்கிவிட்டது என்று கவலைப்பட்டுக்கொண்டு திரும்பினார்கள்.

யோகம் அக்கா உடனே கட்டளை போட்டாள். ஐம்பது வயதான அவள் சொல்லுக்கு அந்த விடுதியில் மறுபேச்சுக் கிடையாது. செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலவர்தான் சாப்பாடு கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரன் என்றால் அந்த வீட்டுக்கு அயல் இல்லாமல் போய்விடுமா என்று கேட்டாள். பதினாலு பேரின் பொதியிலிருந்தும் அரிசி வந்தது. சோறும் பருப்பும், தாளிக்காமல். சோதிலிங்கம் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மூன்று மணி நேரத்தில் கல்வெட்டை முடித்தான். துக்கம் துக்கந்தான், ஆனால் பேனை ஓடிய ஓட்டத்தில் அவனுக்கு ஒரு சந்தோசம் இருந்ததை மறைப்பானேன்.

பின்னேரம் ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் சோற்றுப் பானை, பின்னால் கம்பளிச் சட்டைக்குக் கீழே வேட்டி கட்டிய ஆண்கள். தொப்பி அண்ணை வீட்டு வாசல் படலையடியில் யோகம் அக்கா தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். அவள் குரலுக்கு அந்தத் தெருவே திறந்தது. தொப்பி அண்ணையின் கதவும் திறந்தது. வலது கன்னம் பூசணிக்காய் போல வீங்கி, தாடையைச் சுற்றித் துணி கட்டியபடி ஹொர்ஸ்ட் வீகண்ட் வாசலில் நின்றார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. யோகம் அக்காதான் முதலில் தெளிந்து, முடியை அள்ளி முடிந்துகொண்டு, பானையை உள்ளே வைக்கச் சொன்னாள்.

கடைவாய்ப் பல் இரண்டு பிடுங்கியிருந்ததாம். கறுப்புக் கரை போட்டது கௌபோய் படங்களில் வரும் ‘தேடப்படும் கொள்ளைக்காரன்’ நோட்டீசின் பாவனையாம். நாற்பத்தாறாம் ஆண்டு மேடை ஏறியவர், நாற்பதாண்டு நிறைவோடு மேடையை விடுகிறார்; அதற்கு மதுக்கடை மண்டபத்தில் விழா. படத்துக்கு மேலே இருந்த பெரிய சொல்லுக்குப் ‘பிரியாவிடை’ என்று அர்த்தமாம். றெஜினோல்ட் எல்லாவற்றையும் காது சிவக்கச் சிவக்கக் கேட்டு மொழிபெயர்த்தான். ஹொர்ஸ்ட் இடது பக்கத்தால் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டு, சோதிலிங்கத்தின் கையில் இருந்த கடதாசி என்னவென்று கேட்டார்.

தன் கல்வெட்டைத் தானே கேட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும். பெருங்குடியில் பிறந்தவர் என்ற இடத்தில் சிரிக்கத் தொடங்கியவர், சைவநெறி வழுவாதவர் வந்ததும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நோகுது, நிறுத்து என்று கெஞ்சினார். பிறகு எல்லோருக்கும் இப்படித்தான் எழுதுவாயா என்று கேட்டார். சோதிலிங்கம் ஒளிக்கவில்லை. நூற்றுப் பன்னிரண்டும் ஒன்றுதான் என்றான், அடியில் பண்டிதர் பெயர் போட்டதையும் சொன்னான். ஹொர்ஸ்டின் சிரிப்பு நின்றுவிட்டது. எழுந்துபோய் அலமாரிக்கு மேலிருந்து தொப்பியை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

அவருடைய கதை இதுதான். உலகச் சண்டை முடிந்த வருடம் டார்ம்ஸ்டாட்டில் அமெரிக்கப் பட்டாளத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். அங்கே ஒரு சமையல்காரனிடம் கிற்றாரும் நாட்டுப்புற அமெரிக்கர்களின் பாட்டும் கற்றுக்கொண்டார். பிறகு தோல் பதனிடும் ஆலையில் கிளாக்கர் வேலை. ஓய்ந்த நேரத்தில் இருநூற்றுப் பதினொரு பாட்டு. எல்லாவற்றிலும் பாலைவனம், குதிரை, நீளமான றெயில். அமெரிக்காவைக் கண்ணால் கண்டதில்லை. குதிரை என்றால் பயம். ஐம்பத்தேழில் எழுதிய ஒரு பாட்டு மட்டும் வேறு மாதிரி. கேட் மூடிய றெயில் கடவையில் ஒருவன் மழையில் நிற்கிறான். அவன் காதலி போகிற வண்டி எதுவென்று தெரியாமல் வருகிற வண்டிக்கெல்லாம் கை காட்டுகிறான். அது டெக்சாசில் உள்ள கடவை இல்லை, ஆலைக்குப் பின்னால் உள்ள கடவை. அந்த வழியால் வந்த ஒரு பேர்போன பாடகருக்கு அந்தப் பாட்டைக் கொடுத்தார். பதிலுக்கு அசல் அமெரிக்கத் தொப்பி ஒன்று வாங்கிக்கொண்டு, எழுதியது தான்தான் என்று தன் வாயால் யாருக்கும் சொல்வதில்லை என்று கைகுலுக்கி வாக்குக் கொடுத்துவிட்டார். பாட்டு நாடெல்லாம் பரவியது. இசைத்தட்டில் பாடகரின் பெயர். இந்தப் பட்டணத்துச் சந்தையிலும் கலியாணத்திலும் அதைத்தான் பாடுகிறார்கள், எழுதியவர் பக்கத்து மேசையில் இருப்பது தெரியாமல்.

“மேடையை விட்டு இறங்க முதல் இந்தச் சனத்துக்கு அது ஒருக்காத் தெரிய வேணும் எண்டு ஆசையாம் அண்ணை,” என்றான் றெஜினோல்ட். “ஆனா குடுத்த வாக்கை மீற ஏலாதாம்.”

சோதிலிங்கம் தொப்பியை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். வழக்கமாக எரிகிற அதே வயிறு எரிந்தது.

“அவற்ற வாயாலதானே சொல்லக் கூடாது,” என்றான். “கல்வெட்டை வாசிக்கிறது நான்.”

றெஜினோல்ட் மொழிபெயர்த்தான். ஹொர்ஸ்ட் பல்லுப் பிடுங்கிய வேதனையையும் மறந்து, கொடுத்த வாக்கில் ஓட்டை இருக்கிறதா என்று இருபத்தொன்பது வருடத்தில் தான் தேடிப் பார்க்கவேயில்லை என்றார். உயிரோடு இருப்பவருக்குக் கல்வெட்டுப் பாடுவது ஆகாதே என்று றெஜினோல்ட் இழுத்தான். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரப் பெடியனுக்கு இருந்த பயம் யோகம் அக்காவுக்கு இருக்கவில்லை. ஒப்பாரியே வைத்தாயிற்று, இனி இதில் என்ன வந்தது என்று கேட்டுவிட்டுக் கோப்பையைக் கழுவப் போனாள்.

அடுத்த பத்து நாளும் சோதிலிங்கம் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். ஒரு ஆளைப் பற்றி அந்த ஆளைப் போலவே எழுதுவது அவன் செய்து பழகாத வேலை. தினமும் றெஜினோல்ட்டை இழுத்துக்கொண்டு ஹொர்ஸ்ட் வீட்டுக்குப் போய் விசாரித்தான். குலப்பெருமைக்கு ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தால் தகப்பன் தண்ணீர்க்குழாய் திருத்துகிறவர், பாட்டன் ஊரறிந்த கோழிக்கள்ளன். மனைவி புலம்பல் எழுதலாம் என்றால் மனைவி கேர்டா பதினேழு வருடத்துக்கு முன் பால்வண்டிக்காரரோடு போய்ச் சுகமாக இருக்கிறாளாம். அவள் போன துக்கத்தில் பதினொரு பாட்டு எழுதியிருந்தார், பதினொன்றிலும் அவள் குதிரையில்தான் போனாள். செத்த நாளைச் சொல்லும் திதி வெண்பாவுக்கு மட்டும் சோதிலிங்கம் கால் பக்கம் வெறுமையாக விட்டான். அவசரமில்லை என்று ஹொர்ஸ்ட் சொல்லியனுப்பினார்.

எழுதி முடித்ததைப் பாதிரியாரின் கந்தோரில் இருந்த மெஷினில் றெஜினோல்ட் அறுபது பிரதி எடுத்தான். அடியில் யார் பெயர் என்று கேட்டபோது சோதிலிங்கம் தன் பெயரைப் போட்டான். போட்ட கையோடு, தான் எந்தக் காலத்திலும் எழுதியிராத சோதனையில் பாஸ் பண்ணிய ‘வித்துவான்’ என்ற பட்டத்தையும் முன்னால் சேர்த்துக்கொண்டான்.

விழா சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. ஹொர்ஸ்ட் பாடுகிற கௌபோய் சங்கத்தின் விழா என்பதால் மண்டபம் நிறைய கௌபோய் வேடம் போட்டவர்கள். பேக்கரிக்காரர் இடுப்பில் இரண்டு பொம்மைத் துவக்கு. தபால்காரர் தலையில் கழுகிறகு கட்டிக்கொண்டு வந்து, தான் இந்தியன் என்று யோகம் அக்காவுக்குத் தன்னை அறிமுகப்படுத்தினார். தான் இந்தியன் இல்லை, இலங்கை என்றாள் அக்கா. தமிழர் பதினாலு பேரும் கடைசி வரிசையில் இருந்தார்கள். முன்னால் ஹொர்ஸ்ட் கிற்றாரை மடியில் வைத்தபடி, பரீட்சைக்கு வந்தவர் முகத்தோடு இருந்தார். விரல்கள் விறைத்துப்போய், இனிமேல் வாசிக்க ஏலாது என்பதற்காகத்தான் மேடையை விடுகிறார் என்று அன்றைக்குத்தான் சோதிலிங்கத்துக்குத் தெரிந்தது.

கல்வெட்டு விழா முடிவில் என்றுதான் பேச்சு. ஆனால் மூன்றரை மணிபோல, நெஞ்சில் ஷெரிப் நட்சத்திரம் குத்தியிருந்த சங்கத் தலைவர் எழும்பி, அடுத்ததாக நம்முடைய ஹொர்ஸ்ட் எல்லோருக்கும் பிடித்த அந்தக் கடவைப் பாட்டைப் பாடப்போகிறார் என்று சொல்லி, இசைத்தட்டுப் பாடகரின் பெயரையும் சொன்னார். அந்த மகா பாடகரின் படைப்பு என்றார். ஹொர்ஸ்ட் குனிந்து கிற்றாரின் தந்தியை முறுக்கினார். ஏற்கனவே முறுக்கியிருந்த தந்தி.

“இப்ப போ தம்பி,” என்றாள் யோகம் அக்கா. “பிறகு போய் என்ன பலன்?”

சோதிலிங்கம் எழும்பினான். பதினாறு வருடமாக எழுதியிருக்கிறானே தவிர, சபையில் நின்று வாசித்தவர் எப்போதும் பண்டிதர்தான். மேடையேறி, தலைவருக்கு ஒரு கும்பிடு போட்டு, விளக்கம் ஒன்றும் சொல்லாமல் ராகத்தை எடுத்தான். முதல் அடி கேட்டதும் பின்வரிசைத் தமிழர் வழக்கப்படி கை கட்டி அடங்கினார்கள். என்ன ஏதென்று புரியாத ஜேர்மன்காரர், இது ஏதோ வணக்கத்துக்குரிய காரியம் என்று கண்டுகொண்டு, ஒருவர் பின் ஒருவராகத் தொப்பியைக் கழற்றினார்கள். தபால்காரர் இறகையும் கழற்றினார். இருபது நிமிடம் ஒரு இருமல் இல்லை. இவ்வளவு ஒழுங்கான செத்த வீட்டைச் சோதிலிங்கம் ஊரில்கூடக் கண்டதில்லை.

கோழிக்கள்ளப் பாட்டன், குழாய் திருத்திய தகப்பன், பட்டாளச் சமையலறை என்று ஒவ்வொரு பாட்டையும் றெஜினோல்ட் தனக்குத் தெரிந்த ஜேர்மனில் சொல்லிக்கொண்டே வந்தான். கடைசி விருத்தத்துக்கு வந்ததும் சோதிலிங்கம் கண்ணை மூடிக்கொண்டான்.

மூடிய கடவை யோரம் முதுகிலே மழையும் வாங்கி
ஓடிய வண்டி யெல்லாம் ஒருவனாய் எண்ணி நின்று
பாடிய பாட்டை இந்தப் பதியினில் பாடு வோருள்
தேடியும் ஒருவ ரேனும் தெரிந்திலர் அவன்தன் பேரே.

றெஜினோல்ட் ஆறுதலாக மொழிபெயர்த்தான். ஆலைக்குப் பின்னால் இருக்கும் கடவை. ஐம்பத்தேழாம் ஆண்டு. எழுதியவர் இவர். பாடுகிற உங்களில் ஒருவருக்கும் அது தெரியாது.

மண்டபத்தில் ஒரு சத்தமும் இல்லை. சோதிலிங்கத்தின் மனதில், நம்பவில்லையோ, கோபமோ, தலைவரை அவமானப்படுத்திவிட்டேனோ, இது எங்கே போய் அன்ராக்கில் முடியுமோ என்றெல்லாம் ஓடியது. அப்போது மதுக்கடை எல்ஃப்ரீடே அம்மா, எழுபது வயசுக்காரி, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தாள். சோதிலிங்கத்தைப் பார்க்கவில்லை, ஹொர்ஸ்ட்டைப் பார்த்து இரண்டு சொல் சொன்னாள்.

“தெரியுமாம்,” என்றான் றெஜினோல்ட்.

“ஆருக்கு?”

“எல்லாருக்குமாம் அண்ணை.”

பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். பேக்கரிக்காரரின் தகப்பன் அந்தக் காலத்தில் ஸ்ரேசன் மாஸ்டர். ஹொர்ஸ்ட் காத்திருப்பு மண்டப வாங்கில் உட்கார்ந்து நேரஅட்டவணையின் பின்பக்கத்தில் பாட்டெழுதியபோது பென்சில் கொடுத்ததே அவர்தானாம். எல்ஃப்ரீடே அம்மா கேட்கத்தான் அது முதல்முதல் பாடப்பட்டதாம். பாட்டில் வருகிற, கண்ணாடி உடைந்த சிவப்பு விளக்கு டெக்சாசில் எப்படி வரும் என்று கேட்டார் தபால்காரர். அது கல்லெறிந்து தானே உடைத்த விளக்கு என்றார். தலைவர் நட்சத்திரத்தைத் தடவிக்கொண்டு, தனக்கும் தெரியும், ஆனால் ஹொர்ஸ்டுக்கு அந்தப் பேச்சு விருப்பமில்லையாக்கும் என்று ஒவ்வொரு தடவையும் பாடகரின் பெயரையே சொல்லி வந்ததாகச் சொன்னார். இவர் சொல்லவில்லை, அதனால் அவர்கள் கேட்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இப்படி ஒரு விஷயம் மூன்று நாள் தாங்காது. நாலாம் நாள் தொப்பி என்ன சைஸ் என்பதுவரை சந்தையில் பேசுவார்கள். முழுப் பட்டணமும் சேர்ந்து இருபத்தொன்பது வருடம் ஒரு மனிதரின் வாக்கை அவருக்குத் தெரியாமலே காப்பாற்றியிருக்கிறது. இந்த மரியாதையைப் பாராட்டுவதா, பிடித்து நாலு அறை விடுவதா என்று சோதிலிங்கத்துக்குப் புரியவில்லை.

ஹொர்ஸ்ட் எழும்பி நின்று, எல்லோருக்குமா என்று ஒரேயொரு கேள்வி கேட்டார். பேக்கரிக்காரர் கையைத் தூக்கினார். பிறகு தபால்காரர். பிறகு மண்டபம் முழுக்கக் கை. ஹொர்ஸ்ட் அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே திரும்ப உட்கார்ந்தார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று சொல்ல முடியாத முகம். இன்னும் முழுதாக வற்றாத கன்னம் வேறு.

சோதிலிங்கத்துக்கு இப்போது வேறொரு கவலை. அச்சில் பிழை போகக் கூடாது. கடைசி அடி பொய்யாகிவிட்டது. ஒருவருக்கும் தெரியாது என்று அறுபது பிரதியில் எழுதி, அறுபதையும் வாசலிலேயே கொடுத்தாயிற்று. அந்த அடியை வெட்ட வேண்டும் என்று றெஜினோல்ட்டைக் கொண்டு சொல்லுவித்தான். உடனே மேசைக்கு முன்னால் வரிசை எழும்பியது. கௌபோய்களும் செவ்விந்தியரும், ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாத தமிழ்க் கடதாசியை நீட்டிக்கொண்டு, பிழையை வெட்டித் தரச் சொல்லி ஒழுங்காகக் காத்து நின்றார்கள். அவன் ஒவ்வொன்றிலும் நாலாம் அடியின் மேல் கோடு இழுத்தான். விருத்தம் மூன்று அடியில் நொண்டியாக நின்றது. இலக்கணம் படித்தவனுக்கு நெஞ்சு நொந்தாலும் கை நிற்கவில்லை. எல்ஃப்ரீடே அம்மா கோடு நேராக இல்லையென்று இரண்டாம் தரம் இழுப்பித்துக்கொண்டு போனாள்.

கடைசியாக ஹொர்ஸ்டின் பிரதி இருந்தது. சோதிலிங்கம் அவரிடம் போய்ப் பேனையை வைத்தபோது அவர் தன் விறைத்த கையால் அந்த அடியை மூடிக்கொண்டார். ஏதோ மெதுவாகச் சொன்னார். றெஜினோல்ட் அதைச் சோதிலிங்கத்திடம் சொன்னான்.

“என்ர கடதாசியில அது கிடக்கட்டாம் அண்ணை. இண்டைக்குப் பின்னேரம் நாலு மணி வரைக்கும் தனக்கு அது உண்மைதானாம்.”